பலகைக்குள் ஒரு செப்புத் தகடு

மந்தைவெளியில் ஒரு கார் ஷெட்டுக்கு 'பரத்வாஜ் அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ் அண்ட் ஏரோ சிஸ்டம்ஸ்' என்று பெயர் வைக்கக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும். பெயர்ப்பலகை ஷெட்டின் கதவைவிட அகலம். ஒரு முனை பக்கத்து முருங்கை மரத்துக்குள் போய்விட்டது. 'சிஸ்டம்ஸ்' என்பதைப் படிக்க வேண்டுமானால் கிளையை விலக்கிப் பார்க்க வேண்டும். 'ஏரோ'வைப் பொறுத்தவரை, அந்த வளாகத்திலிருந்து அதுவரை பறந்தவை காக்காய்கள் மட்டுமே.

நிறுவனத்தின் சேர்மன், மேனேஜிங் டைரக்டர், தலைமை விஞ்ஞானி ஆகிய மூவரும் பரத்வாஜ்தான். அரசாங்க ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். கார்பன் இழையைப் பற்றி அவர் தலைமை தாங்காத கமிட்டி கிடையாது. இழையைக் கையால் தொட்டது மட்டும் ஓய்வு பெற்ற பிறகுதான்.

தொடவேண்டிய வேலையெல்லாம் ஸ்ரீரஞ்சனியுடையது. எம்.டெக். முடித்தவள். மேற்கு மாம்பலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கி வருவாள். பெங்களூரில் ஏ.சி. அறையும் சுழல் நாற்காலியும் கொடுத்த ஒரு கம்பெனியை விட்டுவிட்டு இந்த ஷெட்டுக்கு வந்ததற்கு ஒரே காரணம், அங்கே வரைபடம் மட்டும்தான் போடச் சொன்னார்கள். இங்கே பலகை செய்யலாம். அவளுக்குத் துணையாகப் பாஞ்சாலி. ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் கத்தரி பிடித்தவள். கார்பன் துணியை நூல் பிரியாமல் வெட்டத் தெரியும். எதிரில் இருப்பவர் மானத்தை வாங்கவும் தெரியும்.

முதல் நாள் அந்தத் துணியைப் பார்த்தபோது, "இன்னாமா இது, சாமிமாருங்க மலைக்குக் கட்னு போற வேட்டி கணக்கா கீது?" என்று கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் இந்தத் துணி. நடுவுல கெட்டியான நுரைப் பலகை. ரெசின் தடவி ஒட்டினா எஃகு மாதிரி நிக்கும். ஆனா ஒரு விரலால தூக்கலாம்."

"அப்ப பிரட்டு பஜ்ஜி."

"பிரட்டு வெளியிலே, பஜ்ஜி உள்ளே. ஆமா."

இந்தப் பலகையை வாங்க ஒருவர் இருந்தார். ஷரீஃப். ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே மேஜை செய்து விற்பவர். நோயாளி படுக்கும் மேல்பலகையை மட்டும் அவர் ஜெர்மனியிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பலகை ஆளின் பாரத்தை முழுக்கத் தாங்க வேண்டும். ஆனால் படத்தில் தான் ஒருத்தி அங்கே இருப்பதையே காட்டிக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் பல வீடுகளில் மருமகளிடம் எதிர்பார்ப்பதும் இதுதான் என்பதால் ஸ்ரீரஞ்சனிக்கு இது உடனே புரிந்துவிட்டது. ஒரு மாதிரிப் பலகை செய்து கொடுங்கள், தி.நகரில் எக்ஸ்ரே நிலையம் வைத்திருக்கும் டாக்டர் கைசர் ஜஹான் பார்த்துச் சரி என்று சொன்னால் இனி எல்லா மேஜைக்கும் உங்கள் பலகைதான் என்றார் ஷரீஃப்.

அவசரம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. ஷெட், பரத்வாஜின் மைத்துனர் சுப்பராமனுடையது. சுப்பராமன் கல்யாண சமையல் காண்டிராக்டர். ஆளே ஒரு பந்திக்குச் சமம்.

"அத்திம்பேர், கறாரா சொல்லிடறேன். ஆவணி பொறந்தா வரிசையா முகூர்த்தம். பாத்திரம் வைக்க எனக்கு எடம் வேணும். அதுக்குள்ள ஒரு ஆர்டர் வந்தா நீங்க இருங்கோ. வரலேன்னா ஏரோவெல்லாம் மூட்டை கட்டிண்டு மாடிக்குப் போயிடுங்கோ."

சொன்னதோடு நிற்கவில்லை. முன்னோட்டமாக ஒரு பெரிய அண்டாவைக் கொண்டுவந்து ஷெட்டின் மூலையில் வைத்துவிட்டுப் போனார். ஸ்ரீரஞ்சனி காலையில் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஷெட் போனால் பரத்வாஜுக்குப் போவது பெயர்ப்பலகை. அவளுக்குப் போவது வேலை. மறுபடி சுழல் நாற்காலி.

ஆனி மாதத்தின் கடைசி நாளில் பலகை போடுவது என்று பரத்வாஜ் நாள் குறித்தார்.

"நாளைக்கு ஆடி. ஆடியில எதையும் ஆரம்பிக்கப்படாது."

"சார், போன வாரம்தான் விஞ்ஞான மனப்பான்மை பத்திப் பூங்காவுல பேசினேளே?"

"இதுவும் விஞ்ஞானம்தான் ரஞ்சனி. ஆடியில காத்து அதிகம். தூசி வரும்."

தூசி வராத அன்றைய தினத்தில் பூஜை நடந்தது. ஊதுவத்திப் புகை, கற்பூரப் புகை, பரத்வாஜின் உரை மூன்றும் ஷெட்டை நிறைத்தன. ஒரு வழியாக எல்லாம் ஓய்ந்ததும் ஸ்ரீரஞ்சனி ரெசினில் கெட்டிப்படுத்தும் திரவத்தைக் கலந்தாள். கலந்த பிறகு அது யாருக்காகவும் காத்திருக்காது. குவளைக்குள்ளேயே இறுக ஆரம்பித்துவிடும். மேஜைமேல் கீழ்த்துணியை விரித்து ரெசின் தடவி, உருளையால் தேய்த்து, அதன்மேல் நுரைப் பலகையை வைத்தாள். மேல்துணியை எடுக்கப் போகும்போது கரண்டு போயிற்று.

மின்விசிறி நின்றால் பரவாயில்லை. காற்றை உறிஞ்சும் பம்பு நின்றால் பலகை இல்லை. பம்பு என்பது பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றிலிருந்து கழற்றிய கம்ப்ரஸர். பலகையை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அந்தப் பம்பால் உள்ளே இருக்கும் காற்றை இழுத்துவிட்டால், வெளிக்காற்றே பலகையை நாலாபுறமும் அழுத்திப் பிடிக்கும். சுப்பராமன் வீட்டு வாசலில் கல்யாண ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. ஸ்ரீரஞ்சனி கையுறையோடு அதைக் கேட்க ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும் பரத்வாஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். மாடவீதியில் வாங்கிய செப்புத் தகடு. அறுகோணமாக வெட்டி, நடுவில் 'ஓம்' என்று துளைத்தது. நெய் தடவி, சந்தனம் பூசி, குங்குமம் இட்டிருந்தார்.

"பாஞ்சாலி, அந்த நுரைப் பலகையைக் கொஞ்சம் தூக்கு."

"இன்னாத்துக்கு சார்?"

"வீடு கட்டறச்சே அஸ்திவாரத்துல போடறது இல்லையா? அது மாதிரி. முதல் பலகை. நட்டநடுவுல வைக்கணும்."

"ரஞ்சனிம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?"

"நான் சேர்மன்."

"அது தெரியும் சார். வேலை தெரிஞ்சவங்கள கேக்கலாமேன்னு சொன்னேன்."

என்றாலும் தூக்கினாள். அவள் தங்கை வீட்டுக்குக் கடைக்கால் போட்டபோது அவளே ஒரு தகடு வைத்திருக்கிறாள். அந்த வீடு இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது. தகடு நட்டநடுவில் உட்கார்ந்தது. நுரைப் பலகை அதன்மேல் இறங்கியது. எக்ஸ்ரே என்பது உள்ளே இருப்பதைப் பார்க்கும் சமாசாரம் என்ற நினைப்பு, கார்பன் கமிட்டிகளின் தலைவருக்கு அந்த நேரத்தில் வரவில்லை.

ஸ்ரீரஞ்சனி ஜெனரேட்டர் கம்பியோடு திரும்பி வந்தாள். மேல்துணி விரிந்தது, உறை மூடியது, பம்பு உறுமியது. எங்கேயோ 'உஸ்ஸ்' என்று காற்று கசிந்தது. மூன்று பேரும் உறையின் ஓரத்தில் காதை வைத்து மோப்பம் பிடிக்காத குறையாகத் தேடி, ஒட்டுப் பட்டையின் மடிப்பொன்றை விரலால் அழுத்தினார்கள். உஸ் நின்றது. உறை சுருங்கிப் பலகையோடு தோல் போல ஒட்டிக்கொண்டது. ஸ்ரீரஞ்சனி சிரித்தாள். இந்தச் சிரிப்புக்காகத்தான் பெங்களூரை விட்டு வந்தது.

பலகை இறுகி, பல்பு வெப்பத்தில் வெந்து, ஓரம் வெட்டி, பளபளவென்று வெளியே வந்தது. இனித் தட்டிப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் எங்கேயும் இதுதான் வழக்கம். ஒரு நாணயத்தால் பலகையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நன்றாக ஒட்டியிருந்தால் கணீரென்று சொல்லும். ஒட்டாத இடத்தில் தொப்பென்று சொல்லும்.

'டங்… டங்… டங்…' மேல்பக்கம் முடிந்து, பலகையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே ஸ்ரீரஞ்சனி நடுவுக்கு வந்தாள். 'தொப்.'

மறுபடி தட்டினாள். தொப். சுற்றிலும் டங், நடுவில் மட்டும் தொப். விரலால் தடவினால் லேசாக ஒரு மேடு.

"பாஞ்சாலி, நான் வெளியில போனப்போ இங்க என்ன நடந்தது?"

பாஞ்சாலி கூரையைப் பார்த்தாள். பிறகு சேர்மனைப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லிடுங்க சார். நான் சொன்னா நல்லா இருக்காது."

பரத்வாஜ் சொன்னார். செம்பின் ஆற்றல், பூமியின் காந்தம், முன்னோர்களின் நுண்ணறிவு என்று ஒரு சுற்று சுற்றிக்கொண்டுதான் தகட்டுக்கு வந்தார். கடைசியில், "நெய் கொஞ்சமாத்தான் தடவினேன்" என்று முடித்தார்.

ஸ்ரீரஞ்சனி அண்டாவின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார், இது எக்ஸ்ரே பலகை."

"தெரியும்."

"செம்பு எக்ஸ்ரேல தெரியும்."

பரத்வாஜின் முகத்தில் அந்தச் செய்தி மெதுவாக இறங்கியது. ஆனால் துணை இயக்குநராக ஓய்வு பெற்ற முகம் அது. எதுவும் அங்கே நெடுநேரம் தங்காது. "நடுவுலதானே இருக்கு. ஓரமாப் படம் எடுக்கச் சொன்னா ஆச்சு."

"மனுஷாளுக்கு வயிறு ஓரமாவா சார் இருக்கு? நான் அடிப்பக்கம் வெட்டி, தகட்டை எடுத்துட்டு, ஒட்டுப் போட்டுடறேன். புதுப் பலகை போடத் துணி இல்லை. ஒட்டுக்கு வேண்டிய துண்டு இருக்கு."

"எடுக்கறதாவது! பிரதிஷ்டை பண்ணினதைக் கலாகர்ஷணம் பண்ணாம தொடப்படாது. அதுல இருக்கற சக்தியை முதல்ல கும்பத்து ஜலத்துல எறக்கணும். அதை ஆடியில பண்ணப்படாது."

"அப்படி எங்க சார் போட்டிருக்கு?"

"போட்டிருக்கு" என்றார் பரத்வாஜ். எங்கே என்று சொல்லவில்லை. "ஆவணி பொறக்கட்டும்."

ஆவணி பிறந்தால் அண்டாக்கள் வரும். ஷரீஃபோ அடுத்த வாரமே பார்க்க வேண்டும் என்று நாள் சொல்லியிருந்தார். ஸ்ரீரஞ்சனி ஒரு கணக்குப் போட்டாள். மார்புப் படம் எடுத்தால் தகடு சட்டத்துக்குள் வராது. பலகை நல்ல பலகை. முதலில் அது நல்ல பலகை என்று டாக்டர் சொல்லட்டும். சொன்னதும் ஷரீஃபிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம். முன்னாடி சொல்வதா பின்னாடி சொல்வதா என்பதில்தான் அவளுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

தி.நகருக்குப் பலகையை எடுத்துப் போக சுப்பராமன் தன் சமையல் வேனைக் கொடுத்து, தானும் ஏறிக்கொண்டார். அடுத்தவன் தோற்பதைப் பார்க்க சொந்தச் செலவில் டீசல் போட்டவர் அநேகமாக இவர் ஒருவர்தான். வேனுக்குள் ஜாரிணிக் கரண்டிக்கும் இட்லிக் கொப்பரைக்கும் நடுவில் இந்தியாவின் எதிர்காலம் (பரத்வாஜின் சொல்) சாய்ந்து நின்றது. இறங்கும்போது பாஞ்சாலி அதை ஒற்றைக் கையால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். சுப்பராமனின் புருவம் லேசாக ஏறி இறங்கியது.

டாக்டர் கைசர் ஜஹான் ஒல்லியான அம்மாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். குரலை உயர்த்த மாட்டார். ஷரீஃப் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார்கள்.

"மொதல்ல பாரம் பாத்துடலாம்" என்று ஷரீஃப் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை தானாகச் சுப்பராமனிடம் போய் நின்றது. "அண்ணே, கொஞ்சம் ஏறி உக்காருங்க."

"நான் எதிர்க்கட்சிங்க" என்றார் சுப்பராமன்.

"அதான் நல்லது. ஒடைஞ்சா சந்தோசப்படுவீங்க."

சுப்பராமன் ஏறினார். நட்டநடுவில் உட்கார்ந்தார். பலகைக்குக் கீழே குனிந்து அளவுகோலை வைத்துப் பார்த்த ஷரீஃப், "அட!" என்றார். "ஜெர்மன்காரன் பலகை இதவிட வளையும்." பரத்வாஜ் ஒரு சிறு உரைக்காகத் தொண்டையைச் செருமினார். ஸ்ரீரஞ்சனி அவசரமாகக் குறுக்கே விழுந்து, "டாக்டர், மார்புப் படம் ஒண்ணு எடுத்தாப் போறும்" என்றாள்.

"யார் படுக்கறது?"

"நான்தான்" என்றார் பரத்வாஜ். "என் கண்டுபிடிப்பு. நான்தான் படுக்கணும்." சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். "எப்படியும் படுக்கப் போறேன். எங்க டாக்டர் கிட்னியில கல் இருக்கான்னு பாக்கச் சொல்லி எழுதிக் குடுத்து ரொம்ப நாளாறது. அதையே எடுத்துடுங்கோ. ஒரே கல்லுல…" என்று ஆரம்பித்தவர் ஸ்ரீரஞ்சனியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். தகடு எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் அவர் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் டாக்டர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டார்.

"வயிறா? சரி, வயிறே எடுப்போம். மார்பைவிட அதுதான் பலகைக்குக் கஷ்டமான பரீட்சை."

படம் எடுத்து, கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட டாக்டர் இருட்டறையிலிருந்து வந்தார். விளக்குப் பெட்டியில் மாட்டினார். ஸ்விட்சைப் போட்டார்.

முதுகெலும்பு தெரிந்தது. இடுப்பெலும்பு தெரிந்தது. முதுகெலும்புக்குப் பக்கத்தில், ஈரலுக்குச் சற்றுக் கீழே, வெள்ளை வெளேரென்று ஓர் அறுகோணம். அதன் நடுவில், அச்சடித்த மாதிரி, 'ஓம்'.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மிஸ்டர் பரத்வாஜ், கல் எதுவும் இல்லை."

"அப்பாடா."

"ஆனா கோயில் கட்ட மத்ததெல்லாம் ரெடியா இருக்கு."

பாஞ்சாலி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். பரத்வாஜ் மேஜையிலிருந்து இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்தார். உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு விநாடி இருந்தது. அதை வீணாக்கினார்.

"இது நாங்க வேணும்னே வெச்சது. ரெஃபரன்ஸ் மார்க்கர். எவ்வளவு தெளிவாப் படிக்க முடியறது பாருங்கோ! பலகை எக்ஸ்ரேயைத் துளிக்கூட மறைக்கலேங்கறதுக்கு நிரூபணம். உலகத்துலேயே முதல் தடவை."

"முதல் தடவைதான். அதுல சந்தேகம் இல்லை" என்றார் டாக்டர்.

ஷரீஃப் தாடியைத் தடவினார். "எல்லாப் பலகையிலயும் இது வருமா சார்?"

"நிச்சயமா!"

"என் மேஜை சர்ச் ஆஸ்பத்திரிக்கும் போவுது சார். அங்க பாதிரியார் வந்து படுத்தா?"

"அவாளுக்கு வேணும்னா சிலுவை வெச்சுக் குடுத்துடலாமே, அத்திம்பேர்?" என்று சுப்பராமன் உதவிக்கு வந்தார்.

"அப்ப எனக்குப் பிறை போட்டுக் குடுங்க" என்று ஷரீஃப் உரக்கச் சிரித்துவிட்டார். ஆனால் சிரித்துக்கொண்டே எழுந்து பழைய பலகை இருந்த பக்கம் பார்த்ததை ஸ்ரீரஞ்சனி கவனித்தாள்.

"ஷரீஃப் சார்" என்றாள். "மார்க்கரும் இல்லை, ஒண்ணும் இல்லை. பூஜையில உள்ள போன தகடு. முந்தியே எனக்குத் தெரியும். மார்புப் படம்னா தப்பிச்சுக்கலாம்னு பாத்தேன். அது என் தப்பு. ஆனா பலகையில தப்பு இல்லை. தகட்டைச் சுத்தி இருக்கற எடத்தைப் பாருங்கோ டாக்டர். ஒரு குமிழி இருக்கா? ஒரு கோடு இருக்கா?"

டாக்டர் படத்துக்கு வெகு அருகில் போனார். மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார்.

"இல்லை. சுத்தமா இருக்கு. தகடு இல்லேன்னா நான் இந்தப் பலகையை இப்பவே இங்க வெச்சுப்பேன்."

"எடுத்துட்டு ஒட்டுப் போட்டுக் கொண்டுவரேன். இந்த வாரத்துக்குள்ள" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"சனிக்கிழமை ஜெர்மன்காரனுக்குப் பதில் சொல்லணும்மா" என்றார் ஷரீஃப். "அதுக்குள்ள ஆவுமா?"

"ஆகாது" என்றார் பரத்வாஜ். "ஆடி. எதையும் எடுக்கப்படாது. ஆவணியில பாக்கலாம்."

சுப்பராமனின் முகம் நெய் விட்ட பொங்கல் போல மலர்ந்தது. ஸ்ரீரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "நல்லது. அவசரம் இல்லை. நான் ரிப்போர்ட்டை எழுதிடறேன். உங்க டாக்டருக்கு அனுப்பணுமே. 'வயிற்றுப் பகுதியில் உலோகப் பொருள் ஒன்று. அறுகோண வடிவம். எழுத்துடன் கூடியது.'"

"எனக்குள்ள இல்லையே அது! பலகையில இருக்குன்னு எழுதுங்கோ."

"பலகையில் உலோகம்னு எழுதினா, பலகை பழுதுன்னு எழுதணும். ரெண்டுல எதைப் பழுதுன்னு எழுத? நீங்களே சொல்லுங்க."

பரத்வாஜ் பலகையைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார்.

"உங்க டாக்டர் இதைப் பார்த்தா சர்ஜனுக்கு அனுப்புவார்" என்று டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். "சர்ஜன்களுக்கு ஆடி, ஆவணி எல்லாம் கிடையாது. இல்லேன்னா, தகடு எடுத்த பலகையில வெள்ளிக்கிழமை மறுபடி படுங்க. இந்தப் படத்தை நானே கிழிச்சுப் போடறேன்."

பரத்வாஜ் விரல் விட்டு எதையோ எண்ணினார். "ஒரு விஷயம் மறந்தே போச்சு. தெலுங்குக் கணக்குப்படி ஆஷாடம் இன்னியோட முடியறது. நாளைக்குத் தாராளமா எடுக்கலாம்."

"நாம எப்ப அத்திம்பேர் தெலுங்குக் கணக்குக்கு மாறினோம்?" என்று சுப்பராமன் பதறினார். "உங்க பூர்வீகம் கும்பகோணம்தானே?"

"அதுக்கு முந்தி நெல்லூர்" என்றார் பரத்வாஜ் கம்பீரமாக.

மறுநாள் காலை ஷெட்டில் கலாகர்ஷணம். கும்பம் வேண்டும் என்றார் பரத்வாஜ். ரெசின் குவளையைப் பாஞ்சாலி நீட்டியதற்கு ஒரு முறை முறைத்தார். மூலையில் இருந்த அண்டாவில் தண்ணீர் விட்டார்கள். ஐந்நூறு பேருக்குச் சாம்பார் கொதிக்கும் அண்டா. சக்திக்கு இடநெருக்கடி எதுவும் இருந்திருக்காது. மந்திரம் முடிந்து, தர்ப்பையால் தகட்டுப் பக்கம் தொட்டு அண்டாப் பக்கம் கொண்டுபோய், "எறங்கிடுத்து" என்று பரத்வாஜ் அறிவித்தார்.

"முழுசா எறங்கிச்சா சார்?" என்றாள் பாஞ்சாலி. "பாதில நின்னுகினு இருந்தா மறுபடி படத்துல வரும்."

"நீ துணியை வெட்டு."

ஸ்ரீரஞ்சனி பலகையைக் கவிழ்த்துப் போட்டாள். தொப் என்ற இடத்தைச் சுற்றிக் கத்தியால் கீறி, மேல்தோலை உரித்தாள். தகடு நெய் மணத்தோடு கையோடு வந்தது. எதிலும் ஒட்டவே இல்லை. பள்ளத்தில் நுரைத் துண்டு ஒன்றை அளவாகச் சீவிப் பொருத்தினாள். வெட்டின ஓரத்தைச் சரிவாகத் தேய்த்தாள். பாஞ்சாலி வெட்டித் தந்த கறுப்பு வட்டங்களைச் சின்னது, அதைவிடப் பெரியது, அதைவிடப் பெரியது என்று ரெசின் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். உறை, பம்பு, உறுமல். அந்த நாள் முழுக்க அவள் ஷெட்டை விட்டு நகரவில்லை. சாப்பாடு வந்தபோதும் ஒரு கையைப் பலகைமேல் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை தட்டிப் பார்த்தபோது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை டங்.

தி.நகரில் பரத்வாஜ் மறுபடி படுத்தார். இந்தத் தடவை பேசவில்லை. ஈரப்படம் விளக்குப் பெட்டியில் ஏறியது. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, கொஞ்சம் வாயு. அவ்வளவுதான். டாக்டர் பென்சில் முனையால் ஓரிடத்தைக் காட்டினார்.

"ஒட்டுப் போட்ட ஓரம் இங்க ரொம்ப லேசாத் தெரியுது. தேடினாத்தான் தெரியும்."

"அடுத்த பலகையில ஒட்டே இருக்காது" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

டாக்டர் பழைய படத்தை எடுத்து இரண்டாகக் கிழிக்கப் போனார். எக்ஸ்ரே ஃபிலிம் அவ்வளவு லேசில் கிழியாது. கத்தரி தேடும்போது, "ஒரு நிமிஷம்" என்றார் பரத்வாஜ். "இவ்வளவு தெளிவா வந்திருக்கே… ஆத்துல மாட்டிக்கலாமே?" டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பரத்வாஜ் கத்தரியைத் தேடிக் கொடுத்தார்.

ஷரீஃப் ஸ்ரீரஞ்சனியிடம் திரும்பினார். "ஜெர்மன்காரனுக்கு வேணாம்னு சொல்லிடறேன். ஆனா ஒரு கண்டிசன்மா. நீங்க பூஜை பண்ணுங்க, நல்லாப் பண்ணுங்க, எனக்கும் பொங்கல் அனுப்புங்க. பலகையை மூடறப்ப மட்டும் நீயும் பாஞ்சாலியும் தவிர உள்ள ஒரு ஆள் இருக்கக் கூடாது."

"யாருமா?" என்று பரத்வாஜ் கேட்டார்.

"யாரும்" என்றார் ஷரீஃப்.

துணி வந்து இறங்கியதும் திங்கட்கிழமை காலை வேலை ஆரம்பமாயிற்று. சுப்பராமன் தன் தோல்வியைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டு, அண்டாவை மட்டும் வாங்கிப் போக வந்தார். பரத்வாஜ் ஷெட் வாசலில், மூடிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளிருந்து வெளியே நகர்த்திய அண்டா அவருக்குப் பக்கத்தில் தண்ணீரோடு இருந்தது.

"அதை எடுக்கப்படாது, சுப்பு. சக்தி இருக்கு அதுல. மறுபடி எறக்கணும்னா நல்ல நாள் பாக்கணும்."

"அத்திம்பேர், வர்ற முகூர்த்தத்துக்கு எனக்குச் சாம்பார் வைக்க அண்டா வேணும்."

"தமிழ்க் கணக்குப்படி இன்னும் ஆடி."

"தெலுங்குக் கணக்கு என்னாச்சு?"

பரத்வாஜ் அதைக் காதில் வாங்காமல் திரும்பிக் கதவைத் தட்டினார். "ரஞ்சனி! ராகு காலம் நடந்துண்டிருக்கு, தெரியுமோல்லியோ? கதவைத் திற. நான் சேர்மன்."

உள்ளே பம்பு உறும ஆரம்பித்தது. அதற்கு மேலே பாஞ்சாலியின் குரல் வந்தது.

"தெரியும் சார். ரெசின் கலந்தாச்சு. அப்பால வாங்க."

ஜன்னலைக்கூட உள்ளிருந்து சாத்தினார்கள். பரத்வாஜ் சுப்பராமனின் தோளில் கை போட்டு நிழலுக்கு அழைத்துப் போய், இதுபோன்ற நுட்பமான வேலையில் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தான் போட்டிருக்கும் கடுமையான விதியைப் பற்றி விளக்க ஆரம்பித்தார்.